சத்தம் கேட்காத பிள்ளை மடுவம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையாவை எதிர்த்துப் பேசியிருக்கிறேன், பெரிய கிளாக்கரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன், கோயில் கூட்டத்தில் சாமியாரையே மடக்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் அன்றைக்கு ஆஸ்பத்திரியில், பேசியே ஆக வேண்டிய நேரத்தில், வாயை மூடிக்கொண்டு சுவரோடு நின்றேன். இன்னும் அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

என் பெயர் ஜோசப்பின். டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பதினோரு வருடம் பிள்ளை மடுவம் பார்த்தவள். தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. காலையில் ஏழு மணிக்குக் கொண்டுவந்து விடுவார்கள், வேலை முடிந்து வந்து தூக்கிப் போவார்கள். இடையில் அவர்களுக்குக் கண்ணும் காதும் நான்தான்.

அனுஷ்காவுக்கு ரெண்டரை வயது. ஒரு நாள் அவளைக் குளிப்பாட்டும்போது கவட்டுப் பக்கத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வீக்கம் தெரிந்தது. அவள் இருமினால் பெரிதாகிறது, படுத்தால் உள்ளே போகிறது. சாயங்காலம் அவளுடைய அம்மா நிரோஜினி வந்ததும் பிடித்து ஏசினேன். "பெத்தவளுக்குக் கண்ணு எங்கடி இருக்கு? குடல் எறங்கி நிக்குது, நீ பொட்டு வச்சு அழகு பாக்குற!" பாவம், சின்னப் பெண். இருபத்திமூன்று வயது. புருஷன் கொழும்பில் இரும்புக் கடையில் நிற்கிறான். நான்தான் அவளைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனேன். சின்ன ஆப்பரேஷன்தான், ஆனால் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்று சொல்லித் திகதி கொடுத்தார்கள். அன்றைக்கும் நானே கூடப் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், அவர்கள் மேல் ஒரு குற்றமும் கிடையாது.

நடுச்சாமத்துக்குப் பிறகு பிள்ளைக்குச் சாப்பாடு கூடாது, பால் கூடாது, தேத்தண்ணி கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பசித்த பிள்ளை சும்மா இருக்குமா? ஹட்டனில் பஸ் ஏறியதிலிருந்து ஒரே அழுகை. பக்கத்து சீட்டுக்காரி பிஸ்கட் நீட்டினாள். வேண்டாம் என்று நான் கையைத் தட்டிவிட, அவள் என்னை ஏதோ பிள்ளைபிடிகாரி மாதிரி பார்த்தாள். வார்டுக்குப் போன பிறகும் அழுகை நிற்கவில்லை. மற்றப் பிள்ளைகளின் தாய்மார் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். எனக்கென்றால் மானமே போய்விட்டது. ஜோசப்பின் கையில் இருக்கிற பிள்ளை இப்படிக் கத்துவதா!

நிரோஜினி கார்ட் போட ஜன்னலுக்குப் போனாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கை கழுவும் இடத்துக்குப் போனேன். என் பையில் எப்போதும் ஒரு போத்தல் இருக்கும். செம்மஞ்சள் நிறத்தில், இனிப்பான பாணி மருந்து. சளிக்கும் சொறிக்கும் கொடுக்கிறது, டவுனில் பாமசியில் கேட்டால் தருவார்கள். அதில் ஒரு மேசைக்கரண்டி, அப்புறம் இன்னும் கொஞ்சம், அவள் வாயில் ஊற்றினேன். சாப்பாடு கூடாது என்றுதானே சொன்னார்கள், மருந்து கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. அதுதான் என் புத்தி.

அந்தப் பாணியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். மடுவத்துக்கு வந்த முதல் வருடம் ஒரு பிள்ளைக்குச் சளி. அதற்கு அந்த மருந்தைக் கொடுத்தேன். மூன்று மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரித் தூங்கியது. மறுநாள் சளியே இல்லாத ஒரு பிள்ளைக்குக் கொடுத்தேன். அதற்கடுத்த மாதம் எல்லாருக்கும். தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை, சத்தியமாகத் தோன்றவில்லை. பிள்ளை தூங்கினால் தாய் நிம்மதியாகக் கொழுந்து பறிப்பாள், பால் கொடுக்க என்று இரண்டு மைல் இறங்கி ஏற வேண்டாம். பெரிய இடத்திலிருந்து மடுவம் பார்க்க வந்தவர்கள், "இவ்வளவு பிள்ளைகள் இருந்தும் ஒரு சத்தம் இல்லையே" என்று ஆச்சரியப்பட்டு எனக்கு ஒரு சான்றிதழ்கூடத் தந்தார்கள். எப்படி அக்கா செய்றீங்க என்று தாய்மார் கேட்டால், "அது கைராசிடி" என்பேன். ஒருத்தியிடமும் பாணியைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

நிரோஜினி திரும்பி வந்ததும் நர்ஸ் எங்களைக் கூப்பிட்டாள். பஸ்மிலா மிஸ் என்று பெயர், முக்காடு போட்ட மெலிந்த பெண், நன்றாகத் தமிழ் பேசினாள். பக்கத்தில் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர், ஹிமாஷி. அவருக்குச் சிங்களம்தான். அவர் சொல்லச் சொல்ல மிஸ் எங்களுக்கு விளங்கப்படுத்தினாள்.

"சின்னப் புள்ளைங்கள அப்பிடியே தியேட்டருக்குள்ள கொண்டு போனா பயந்து கத்துவாங்க. அதனால முன்னாடியே லேசா அமைதியாக்க மருந்து குடுப்போம். ரெண்டு மருந்து இருக்கு. ஒண்ணு குடிக்கிறது, ஒண்ணு மூக்குல விடுற சொட்டு. ரெண்டும் நல்லதுதான். இந்த வயசுக்கு எது தோதுன்னு ஒப்பிட்டுப் பாக்குறோம். ஒங்க மகளுக்கு ரெண்டையும் குடுப்போம். ஆனா ஒண்ணுலதான் மருந்து, மத்தது வெறும் தண்ணி. எதுல எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கவர்ல ஒட்டி வச்சிருக்கு, அவசரம்னாதான் பிரிப்போம். விருப்பம் இல்லாட்டி சொல்லுங்க, வழக்கமா குடுக்கிறதக் குடுத்து ஆப்பரேஷன் செய்வோம்."

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. மாதாவே, படித்தவர்களுக்கு வந்த வேலையைப் பார்! ஒரு பிள்ளையைத் தூங்க வைக்க இத்தனை கூத்தா? என்னிடம் கேட்டிருந்தால் ஒரே கரண்டியில் சொல்லியிருப்பேனே!

"பயமில்லியா மிஸ்?" என்று நிரோஜினி கேட்டாள்.

"புள்ளை நல்லா முழிக்கிற வரைக்கும் ஒருத்தர் பக்கத்துலயே இருப்போம். ஒரு நிமிசம் விட மாட்டோம்."

நிரோஜினி என் முகத்தைப் பார்த்தாள். "வைடி கையெழுத்த" என்றேன். வைத்தாள்.

பிறகு பிள்ளையைத் தராசில் ஏற்றினார்கள். பத்து கிலோ எண்ணூறு. டாக்டர் அதை எழுதி, கணக்குப் போட்டு, மிஸ்ஸிடம் காட்டினார். மிஸ் தனியாக ஒருமுறை கணக்குப் போட்டாள். பத்துக் கிலோ பிள்ளைக்கு இரண்டு பேர் கணக்கா என்று அதற்கும் எனக்குச் சிரிப்புத்தான். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"நேத்துல இருந்து மகளுக்கு ஏதாச்சும் மருந்து குடுத்தீங்களா? சளிக்கு, காய்ச்சலுக்கு, வீட்டு வைத்தியம், எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"இல்ல மிஸ், ஒண்ணும் குடுக்கல" என்றாள் நிரோஜினி. அவளுக்குத் தெரிந்த உண்மை அது.

மிஸ் என்னைப் பார்த்தாள். "நீங்க?"

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் நிரோஜினி பக்கத்தில் நிற்கிறாளே. இன்றைக்குக் கொடுத்தேன் என்று சொன்னால், என்றைக்கெல்லாம் கொடுத்தாய் என்று கேட்பாளே. என் கைராசி என்னாவது? "நான் என்னத்தக் குடுக்க?" என்றேன், கொஞ்சம் கோபமாகவே. மிஸ் எழுதிக்கொண்டாள்.

பிள்ளை அப்போதும் சிணுங்கிக்கொண்டுதான் இருந்தாள். குடிக்கிறதைக் குடிக்க வைத்தார்கள், மூக்கில் சொட்டு விட்டார்கள். விரலில் சிவப்பு வெளிச்சம் எரியும் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். பக்கத்துப் பெட்டியில், உடம்பில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் இலக்கம் தெரிந்தது, தொண்ணூற்றெட்டு. பத்து நிமிடத்தில் அனுஷ்கா கண்ணை மூடினாள். "பாத்தியா, ராசாத்தி தூங்கிட்டா" என்று நிரோஜினியின் முதுகைத் தட்டினேன்.

பெட்டி இடைவிடாமல் டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தின் சுருதி கீழே இறங்கியது. மிஸ் சட்டென்று எழுந்தாள். இலக்கம் தொண்ணூற்றொன்று. "அனுஷ்கா, அனுஷ்கா" என்று தோளைத் தட்டினாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முகவாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் சத்தமாகக் கூப்பிட்டாள். எண்பத்துநான்கு. பிள்ளையின் உதடு சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன், என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். டாக்டர் ஹிமாஷி ஓடி வந்து, முகத்தில் மூடியை அழுத்தி, பையை அமுக்கி அமுக்கிக் காற்று ஊதினார். எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

நிரோஜினி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. வார்டில் இருந்தவர்கள் கூடிவிட்டார்கள். ஒரு ஆள், யாரோ பிள்ளையின் தகப்பன், சத்தம் போட ஆரம்பித்தான். "தோட்டத்துப் புள்ளைன்னா இவங்களுக்கு எலி மாதிரி! மருந்து ஊத்திப் பாக்குறாங்க! கையெழுத்து வாங்கிட்டா கேட்க ஆளில்லன்னு நெனப்பு!" ஆமாம் ஆமாம் என்றார்கள் எல்லாரும். சொன்னால் காறித் துப்புவீர்கள், நானும் தலையாட்டினேன். என் பையில் போத்தல் இருக்கிறது, நான் தலையாட்டுகிறேன்!

கதவு திறந்தது. மிஸ் வெளியே வந்தாள், நெற்றியெல்லாம் வியர்வை. "கவரப் பிரிச்சிட்டோம். மூக்குல விட்டதுதான் மருந்து, குடிச்சது வெறும் தண்ணி. அந்தச் சொட்டுக்கு இப்பிடி மூச்சு கொறையாது. டாக்டருக்குக் கொழப்பமா இருக்கு. இருதயத்துல எதும் வருத்தம் இருக்கான்னு பாக்கணும், இல்லாட்டி கண்டிக்கு அனுப்பணும். அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. புள்ளைக்கு வேற ஏதும்...?"

சுவரோடு நின்றேன் என்று சொன்னேனே, அது இந்த இடம்தான்.

அப்போதுதான் நிரோஜினி தலையில் அடித்துக்கொண்டாள். "நான்தானே கையெழுத்து வச்சேன்! எம்புள்ளைய நானே குடுத்துட்டேனே! ஜோசப்பின் அக்கா, நான்தானே அவளக் கொன்னுட்டேன்?" என்று என் காலைக் கட்டிக்கொண்டாள். என் காலை!

"நீ இல்லடி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "நீ இல்ல. நான் குடுத்தேன்." பையிலிருந்து போத்தலை எடுத்து மிஸ்ஸின் கையில் வைத்தேன். "ஒண்ணரை மேசைக்கரண்டி. ஒம்பது மணி இருக்கும். அழுதான்னு குடுத்தேன்."

மிஸ் போத்தலைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை ஏசவில்லை. உள்ளே ஓடினாள். சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஆள் என்னைப் பார்த்தபடி அப்படியே நின்றான். நிரோஜினியின் கை என் காலிலிருந்து கழன்றது.

முக்கால் மணி நேரம் போனது. அந்த முக்கால் மணி நேரமும் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஜெபம் சொல்லப் பார்த்தேன், அருள் நிறைந்த மரியே என்பதற்கு மேல் வரவில்லை. கடைசியில் டாக்டரே வெளியே வந்தார். பிள்ளை தானாகவே மூச்சு விடுகிறாள், கூப்பிட்டால் கண் திறக்கிறாள், ஆப்பரேஷன் இன்றைக்கு இல்லை, நாளை வரை வைத்துப் பார்ப்போம் என்றார். நிரோஜினி உள்ளே ஓடினாள். நானும் எழுந்தேன். அவள் வாசலில் நின்று திரும்பினாள்.

"நீங்க வராதீங்க."

அக்கா என்று சொல்லவில்லை.

டாக்டர் என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார், மிஸ் தமிழில் சொன்னாள்.

"இந்தப் பாணிய இன்னைக்கு மட்டும்தான் குடுத்தீங்களா?"

"இல்ல."

"எப்பவெல்லாம்?"

"மடுவத்துல. தெனமும். பத்து மணிக்குத் திரிபோஷா சத்துமா உருண்டை குடுத்துட்டு, அதுக்கப்புறம்."

"எத்தன புள்ளைங்களுக்கு?"

"இவளோட சேத்துப் பதினாறு."

மிஸ் அதைச் சிங்களத்தில் சொல்ல இரண்டு தரம் வாயெடுத்தாள். டாக்டர் கேட்டதும் கையை நெற்றியில் வைத்தார். "நிறை பாத்துக் குடுப்பீங்களா?"

"ஆளுக்கு ஒரு கரண்டி."

"குடுத்த பொறகு யாரு பக்கத்துல இருந்து பாப்பாங்க?"

கொடுத்த பிறகு நான் துணி துவைப்பேன். பகல் சோறு பொங்குவேன். கொப்பியில் வரவு எழுதுவேன். சில நாள் பக்கத்து லயத்து வீடுகளுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்துவிட்டு வருவேன். பதினோரு வருடம்! இவர்கள் ஒரே ஒரு பிள்ளைக்குத் தராசு வைத்து, இரண்டு பேர் கணக்குப் போட்டு, விரலில் விளக்கு மாட்டி, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தும் உதடு சாம்பலாகிப்போனது. என் மடுவத்தில் எத்தனை உதடு அப்படி ஆகித் தானாகத் தெளிந்ததோ! கதவுக்கு அந்தப் பக்கம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்திருப்பேன்.

டாக்டர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து நாற்பது. அடுத்து அவர் கேட்டது எனக்கு மிஸ் சொல்வதற்கு முன்பே விளங்கிவிட்டது. இன்றைக்கு அங்கே யார்?

அழகம்மா. என்னுடைய கையாள். நேற்றுத்தான் அவளுக்குப் பெரிய போத்தலைக் காட்டி எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போனில் அழகம்மாவின் இலக்கத்தை எடுத்து நீட்டினேன். மிஸ்தான் இலக்கத்தை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"அழகம்மா, பாணி குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேனே அக்கா! பத்தேகாலுக்கே குடுத்துட்டேன். ஒரு சத்தம் இல்ல. நீங்க இருந்தா எப்பிடியோ அப்பிடியே வச்சிருக்கேன்." அவள் குரலில் பெருமை.

"எவ்வளவு?"

"நீங்க சொன்ன மாதிரி ஆளுக்கு ஒரு கரண்டி. தனுஷன் மட்டும் பாதியத் துப்பிட்டான். அதனால அவனுக்கு இன்னொரு கரண்டி ஊத்துனேன்."

தனுஷனுக்கு ஒன்பது மாதம்.

"எழுப்பு" என்றேன்.

"என்னக்கா?"

"எழுப்புடி! எல்லாத்தையும் எழுப்பு! தனுஷன மொதல்ல தூக்கு!" ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

மிஸ் குறுக்கே வந்து நிதானமாகச் சொன்னாள். பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும், பாதத்தைத் தட்ட வேண்டும். டாக்டர் மற்றப் போனில் அம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் அழகம்மா ஓடுகிற சத்தம், பாய் இழுபடுகிற சத்தம், "ஐயோ என்னக்கா, என்னக்கா" என்கிற சத்தம். பக்கத்து லயத்துப் பெண்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுவிட்டாள் போலிருந்தது.

ஒரு பிள்ளை சிணுங்கியது. ஒன்று. இன்னொன்று வீரிட்டது. இரண்டு. நான் விரலை மடக்கி எண்ணினேன். மூன்று, நான்கு. பதினோரு வருடமாக எந்தச் சத்தம் வரக்கூடாது என்று பாடுபட்டேனோ, அதற்காக அந்தத் தரையில் முழங்காலில் நின்றேன். ஒன்பது. பத்து. பன்னிரண்டு. சில குரல் யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. நான் வளர்த்த பிள்ளைகள், அவர்கள் அழுகிற குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பதினான்கு.

"தனுஷன்?" என்றேன்.

"தட்டுறேன் அக்கா. மூச்சு இருக்கு. முழிக்க மாட்டேங்கிறான்."

யாரோ என் பக்கத்தில் வந்து குனிவது தெரிந்தது. நிரோஜினி. என்னைப் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்தாள். "பாதத்துல சுண்டுங்க அழகம்மா அக்கா, நல்லா நோக சுண்டுங்க" என்றாள். "இங்க அப்பிடித்தான் செஞ்சாங்க."

சுண்டினாள். மறுபடி சுண்டினாள். பிறகு ஒரு மெல்லிய, கோபமான அழுகை. பதினைந்து.

நிரோஜினி எழுந்து மகளிடம் போய்விட்டாள். நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அழகம்மா, அம்புலன்ஸ் வருது. அதுவரைக்கும் ஒருத்தரையும் தூங்க விடாத. அவங்க அம்மாமார மலையில இருந்து கூப்பிடச் சொல்லு."

"வேல நேரத்துல என்னான்னு சொல்லி அக்கா கூப்பிடுறது?"

"ஜோசப்பின் பதினோரு வருசமா ஒங்க புள்ளைங்களுக்குத் தூக்க மருந்து குடுத்திருக்கான்னு சொல்லு."

அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள்.

"அப்பிடியே சொல்லு" என்றேன்.